புள்ளி விழுந்த இலைதான் பிழைத்தது

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, இலைகளை வெளுப்பது. துரு நோய்ப் பூஞ்சையின் வித்துகளைத் தூவிய கோதுமை இலைகளை வெட்டி, டி.ஏ.பி. (டைஅமினோபென்சிடின்) என்ற சாயக் கரைசலில் சில மணி நேரம் ஊற வைத்து, அப்புறம் எத்தனாலில் கொதிக்கவிட்டுப் பச்சையம் முழுவதையும் இறக்கிவிட வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு எங்கே இருந்ததோ அந்த இடம் மட்டும் செம்பழுப்பாக நிற்கும், மற்றதெல்லாம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி வெளிறிப்போகும்.

முதல் தட்டிலேயே குழம்பிவிட்டேன். நோயெதிர்ப்பு உள்ள ரகத்தின் இலையில் பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளிகள். நோய்க்கு ஆளாகும் ரகத்தின் இலையோ சுத்தமாக இருந்தது. வித்து தூவி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "மேடம், லேபிள் மாறிப்போச்சு போல" என்றேன். அவர் தட்டைக்கூடப் பார்க்கவில்லை. "மாறியிருக்காது, டிரைபேன் நீலம் போட்டு மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாருங்க" என்றார்.

பூஞ்சை இழைகளுக்கு நிறமேற்றும் சாயம் அது. பார்த்தேன். சுத்தமாகத் தெரிந்த இலைக்குள் பூஞ்சை இழைகள் செல்களுக்கு நடுவே கிளை கிளையாக ஓடியிருந்தன, ஒரு செல்லையும் கொல்லாமல், உயிரோடு வைத்து உறிஞ்சிக்கொண்டு. புள்ளி விழுந்த இலையில், இலைத்துளை வழியாக நுழைந்த இழைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று செல்கள் பழுப்பாகச் செத்துக் கிடந்தன, இழை அதைத் தாண்டிப் போகவில்லை. துருப் பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் சாப்பாடு. செடி தன் செல்லையே கொன்று அதைப் பட்டினி போட்டிருக்கிறது. கோதுமைத் துரு நோயில் இதைக் கவனித்த அமெரிக்கத் தாவர நோயியலாளர் ஸ்டேக்மன், 1915-இலேயே இதை மிகை உணர்திறன் என்று சொல்லிவிட்டார். நான் படித்து, பரீட்சையும் எழுதியிருந்தேன், ஆனாலும் கண்ணால் பார்த்தபோது நோய் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து, பெராக்சைடு போன்றவை செல்லில் பெருகுவதைக் குறிக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற சொல்லில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. செடிக்கு வெளியிலிருந்து வந்து விழுந்த துன்பம் மாதிரி அது ஒலிக்கிறது. கடும் வெயில், வறட்சி, உப்பு என்றால் சரி, அப்போது ஒளிச்சேர்க்கை தடுமாறி, ஆக்சிஜன் செல்லுக்கு வேண்டாத உருவங்களுக்கு மாறுகிறது. நோய்க்கிருமி வரும்போது நடப்பது வேறு. செல் சவ்வில் இருக்கும் ஒரு நொதி வேண்டுமென்றே எலக்ட்ரானைத் தூக்கி வெளியே உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து சூப்பர் ஆக்சைடை உண்டாக்குகிறது, அது சீக்கிரமே ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. நுண்ணுயிரின் வாசம் பட்டாலே சில நிமிடங்களில் ஒரு சின்ன அலை எழுந்து அடங்கும். வந்தது யார் என்று செடி அடையாளம் கண்டுகொண்டால் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை, இது பெரியது, நீண்ட நேரம் நிற்பது. அந்தப் பெராக்சைடுதான் செல் சுவரின் புரதங்களைப் பிணைத்து இறுக்குகிறது, பக்கத்துச் செல்களுக்கும் சேதி போகிறது, எதிர்ப்பைத் தூண்டும் சாலிசிலிக் அமிலம் கூடுகிறது. 1979-இல் புகையிலை இலைக்கு ஆஸ்பிரின் கொடுத்தே வைரஸ் எதிர்ப்பை வரவழைத்துக் காட்டினார்கள், ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் உறவுதானே.

அதே சமயம் பெராக்சைடை அணைக்கிற ஆட்களும் செடிக்குள்ளேயே இருக்கிறார்கள். பனிக்கட்டி மேல் உரலை வைத்து இலையை அரைத்து, அந்தச் சாற்றில் ஒரு துளி பெராக்சைடு விட்டால் நுரை பொங்கும், பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி வேலை செய்கிறது. 240 நானோமீட்டர் ஒளியில் பெராக்சைடின் அளவு இறங்குவதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அஸ்கார்பிக் அமிலம், குளுட்டாதியோன் என்று இன்னும் பல. இவை கூடினால் செடிக்கு நல்லது, குறைந்தால் கெட்டது என்று ஒரே வரியில் எழுதப்பட்ட முடிவுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்த மணி நேரத்தில், எந்தச் செல்லில் என்று சொல்லாத எண்ணுக்கு என்ன அர்த்தம்? எதிரி யார் என்பதும் முக்கியம். சாம்பல் பூசணமான போட்ரைடிஸ் செத்த திசுவைத் தின்று வளர்வது, செடி தன் செல்லைக் கொன்றால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. துருவிடமிருந்து காப்பாற்றிய அதே வித்தை அங்கே செடியையே காட்டிக்கொடுத்துவிடும்.

என் கை செய்த தப்பையும் சொல்ல வேண்டும். ஒரு முறை பூஞ்சையே படாத இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பாக வந்தது. கரைசலைத் திரும்பக் கலக்கினேன், அமிலத்தன்மையைச் சரிபார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால், மழுங்கிய கத்தரிக்கோல் ஓரத்தை நசுக்கியிருக்கிறது, இடுக்கியின் பல் பதிந்த இடத்திலும் இரண்டு கோடுகள். காயத்துக்கும் செடி அதே பெராக்சைடால்தான் பதில் சொல்லும். மூன்று வார வேலையைத் தூக்கிப் போட்டோம்.

இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் புதுப் பிளேடு. நோட்டில், வித்து தூவிய நேரத்துக்குப் பக்கத்திலேயே நான் இலையைத் தொட்ட நேரத்துக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.