மேடம் எக்ஸின் கறுப்பு கவுன், மூன்றாவது தடவை

நான் வரைந்துகொண்டிருக்கும் எண்ணெய் ஓவியத்தில் கவுன் மறுபடியும் மங்கிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி ஈரமாக இருந்தபோது பட்டு மாதிரி மின்னியது. புதன்கிழமை பார்த்தால் இடுப்புக்குக் கீழே சாம்பல் பூத்தது போலத் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது.

அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டின் 'மேடம் எக்ஸ்' என்ற பெண் உருவப்படத்தைப் பார்த்து வரைய ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு; என்னுடையது மூன்றடி. முகம் பக்கவாட்டில் இருப்பதால் பிழைத்தேன். தோளில் அந்த ஊதா கலந்த வெளுப்புகூடப் பிடிபட்டுவிட்டது. சார்ஜென்ட் அவள் சருமத்திலேயே விரிடியன் பச்சை சேர்த்திருக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

கறுப்புதான் உயிரை வாங்குகிறது. முதல் தடவை ஐவரி பிளாக் என்ற கறுப்பை டியூபில் இருந்து அப்படியே பூசினேன். கவுன் இருக்க வேண்டிய இடத்தில் கேன்வாஸில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்தேன். நீலம் தூக்கலாக இருந்தால் மடிப்பின் மேல்பக்கம், பழுப்பு தூக்கலாக இருந்தால் நிழல். கலவை அருமை. ஆனால் அம்பர் எண்ணெயைக் குடித்துவிட்டு மங்கிப்போகும் ரகம். போதாததற்கு அடிப்பூச்சில் பெயிண்ட்டை நீர்க்கச் செய்யும் டர்பென்டைனை நானே தாராளமாக ஊற்றியிருந்தேன். இரண்டாவது, மூன்றாவது தடவை மங்கியது அதனால்தான்.

மேலே மேலே பூசுவதை நிறுத்திவிட்டு, நன்றாகக் காய்ந்த ஒரு மூலையில் லின்சீட் ஆயிலும் (ஆளி விதை எண்ணெய்) டர்பென்டைனும் சம அளவு கலந்து பழைய வேட்டித் துணியால் லேசாகத் தேய்த்தேன். மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். சாம்பல் போய் ஆழமான கறுப்பு திரும்பி வந்தது! இதை முதல் தடவையே செய்திருந்தால் ஒன்றரை டியூப் அல்ட்ராமரைன் மிஞ்சியிருக்கும்.

கேன்வாஸையும் சொல்ல வேண்டும். மூன்று கோட் பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) என்று சொல்லி விற்றார்கள். பின்பக்கம் எண்ணெய்க் கறை தெரிகிறது. அடுத்ததற்கு நானே இரண்டு கோட் ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பிரைமர் அடித்துக்கொள்வேன்.

அடுத்தது என்றால், 1884 பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சியில் தொங்கிய வடிவம், கவுனின் வலது தோள்பட்டி நழுவிய நிலையில். ஊர் கூடித் திட்டிய பிறகு சார்ஜென்ட் அதைத் தோள்மேல் ஏற்றி வரைந்துவிட்டார். எனக்கென்னவோ நழுவியதுதான் பிடித்திருக்கிறது. சின்னதாக, 18 அங்குலத்தில் போதும்.

சரி, அதற்கு முன் இதில் பாவாடையின் இடதுபக்க மடிப்பு பாக்கி. அவள் கை ஊன்றியிருக்கும் மேசைக்கு இன்னும் கால்கூட வரையவில்லை.