லாரி கிரேனை நம்பி வெள்ளத் திட்டம் போடாதீர்கள்

ஒரு வழியாக சிங்கப்பூரில் எங்கள் கட்டுமான சைட்டில் ஊழியர்கள் தங்கும் குடியிருப்பின் வெள்ள வெளியேற்றத் திட்டத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதே வேலையை வேறு யாராவது ஒரு சூப்பர்வைசர் தலையில் கட்டியிருப்பார்கள், அவருக்கு உதவுமே என்று இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் சைட் கால்வாய் ஓரம், சாலையைவிடத் தாழ்வு. ஊழியர்கள் தங்குவது கன்டெய்னர் அறைகளில், பெரும்பாலும் இரண்டடுக்கு. 2025 ஜனவரியில் சாங்கிப் பக்கம் இரண்டே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது பலருக்கு நினைவிருக்கும், அந்த மாதம் முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். அதற்கப்புறம்தான் மேலிடத்திலிருந்து திட்டம் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் அனுப்பிய மாதிரிப் படிவம் தீ விபத்துக்கானது, 'தீ' என்று இருந்த இடங்களில் 'வெள்ளம்' என்று மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். தீ என்றால் ஆட்களைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தால் போதும். எங்கள் ஒன்றுகூடும் இடமோ கேட் பக்கம், சைட்டிலேயே பள்ளமான மூலை. உங்களிடம் அந்தப் படிவம் வந்தால் முதலில் ஒன்றுகூடும் இடம் என்ற வரியைப் பாருங்கள்.

பெரிய மல்லுக்கட்டு கன்டெய்னர்களை எப்போது நகர்த்துவது என்பதில் வந்தது. கனமழை எச்சரிக்கை வந்ததும் லாரி கிரேனை வரவழைத்துத் தாழ்வில் இருக்கும் பெட்டிகளைத் தூக்கி மேட்டில் வைக்க வேண்டும் என்று ஆலோசகர் எழுதி அனுப்பினார். படிக்க நன்றாக இருக்கிறது. நடக்குமா? பெட்டிகளை வாடகைக்கு விட்ட நிறுவனத்தைக் கேட்டால், சில நாள் முன்கூட்டியே சொல்லாமல் வண்டி வராது என்றார்கள். வண்டி வந்தாலும் தூக்குவதற்குத் திட்டம், பர்மிட், லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர் (சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டுபவர்), சிக்னல்மேன் (கிரேன் ஓட்டுநருக்குச் சைகை காட்டுபவர்) எல்லாம் வேண்டும், அதற்கு முன்னால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, மின்னல் எச்சரிக்கை வந்தால் தூக்கும் வேலையையே நிறுத்திவிடுவோம். வெள்ளம் வரும் அளவுக்கு மழை பெய்யும் இரவில் மின்னல் இல்லாமல் இருக்குமா? இதை எத்தனை முறை விளக்கியும் "படிவத்தில் நகர்த்தும் நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது" என்றே பதில் வந்தது.

கடைசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன், அதுதான் வேலை செய்தது. 20 அடிப் பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே கீழிருந்து ஒன்றரை டன் அளவுக்கு மேலே தள்ளும். காலிப் பெட்டியின் எடையே இரண்டு டன்னுக்குச் சற்று அதிகம்தான். அதனால் தண்ணீர் உள்ளே புகுந்து நிரம்புவதற்கு முன், முழங்காலுக்குக் கீழே இருக்கும்போதே ஒற்றையாக நிற்கும் பெட்டி இடம் பெயரக்கூடும், அந்த நேரத்தில் அதன் பக்கத்தில் ரிக்கரை நிற்கச் சொல்வது கொலைக்குச் சமம். அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடுகளுக்கு, வெள்ள அபாயப் பகுதி என்றால் உயர்த்தி வைத்து, மிதந்துவிடாதபடி தரையோடு நங்கூரமிட்டுப் பிணைக்க வேண்டும் என்று அங்குள்ள மத்தியப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் வெள்ளக் காப்புறுதி விதிகளிலேயே இருக்கிறது. ஃபுளோரிடாவில் சூறாவளி நெருங்கும்போது பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) எந்த வெளியேற்ற மண்டலம் என்று பார்க்காமல் இப்படிப்பட்ட மொபைல் ஹோமில் இருக்கும் அத்தனை பேரையும் கிளம்பச் சொல்வார்கள். வீட்டையும் இழுத்துக்கொண்டு வா என்று யாரும் சொல்வதில்லை. இதையும் இணைத்து அனுப்பினேன். அப்புறம்தான் இரண்டாகப் பிரிக்க ஒத்துக்கொண்டார்கள்: தாழ்வில் இருக்கும் பெட்டிகளை நவம்பருக்குள் நகர்த்திவிடுவது, நகர்த்த முடியாதவற்றை இரும்புக் கயிற்றால் பிணைப்பது, எச்சரிக்கை வந்தால் ஆட்கள் மட்டும் கிளம்புவது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

எச்சரிக்கைக்கு, தேசிய நீர் அமைப்பான பியூபியின் கால்வாய் நீர்மட்ட அறிவிப்பு இருக்கிறது, குறுஞ்செய்தியாகவும் டெலிகிராமிலும் வரும். கால்வாய் 75 விழுக்காடு நிரம்பினால் மிதமான அபாயம், 90 என்றால் அதிக அபாயம். நாங்கள் 75-லேயே எழுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டோம், ஏனென்றால் இங்கே கால்வாய் நிரம்புவது அவ்வளவு வேகம். ஒரு விஷயம் கவனம்: வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறது என்று ஒரு நீர்மட்ட உணர்கருவியை எங்கள் கோப்பில் யாரோ போட்டுவைத்திருந்தார்கள், நேரில் நடந்து பார்த்தால் அது வேறு கால்வாய். உங்கள் கால்வாயிலேயே, சைட்டுக்கு மேல்புறம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடலுக்குப் பக்கம் என்றால் அலையேற்ற அட்டவணையையும் கூடவே பாருங்கள், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் வடியாது. அறிவிப்பு வரும் போன் இரவுக் காவலாளியிடம் இருக்கட்டும். மேனேஜரின் போன் ராத்திரி சைலண்டில்தான் இருக்கும்.

ஆட்கள் எங்கே போவது? எதிரே இருக்கும் வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்கின் வாய்ட் டெக், அதாவது வீடுகள் இல்லாத திறந்த கீழ்த்தளம், நடந்தே போகிற தூரம், மேடு. முறைப்படி அனுமதி வாங்குவோம் என்று அதைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவரிடம் திருமணத்துக்கு, இறுதிச் சடங்குக்கு என்று படிவம் இருந்தது, இதற்கு இல்லை. தேதியும் நேரமும் கேட்டார். வெள்ளம் எந்தத் தேதியில் வரும் என்று நான் என்ன சொல்ல முடியும்? மேலதிகாரியைக் கூப்பிடவும் மாட்டேன் என்றுவிட்டார். பாதி நாள் போனது. பிறகு மின்னஞ்சல் அனுப்பியபோது வேறு ஒருவர் ஒரே நாளில் பதில் போட்டார், ஆபத்து நேரத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்பதற்கு ஆட்சேபம் இல்லை என்று. நேரில் அலையாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், பதிலை அச்செடுத்துத் திட்டத்தோடு சேருங்கள்.

இரவு முழுவதும் வாய்ட் டெக்கில் உட்காரவைக்க முடியாது, அதனால் இன்னொரு விடுதியில் இடம் பேசினோம். 2023 ஏப்ரல் 1 முதல் 7 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள எல்லா ஊழியர் விடுதிக்கும் உரிமம் வேண்டும் என்பதால் அங்கே யாரையும் சும்மா உள்ளே விடமாட்டார்கள். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, ஆள் மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள்.

ஒத்திகை பார்த்த அன்று யாருமே யோசிக்காத ஒன்று வெளியே வந்தது. எல்லாரும் வெளியே வந்தபின் நாலைந்து பேர் திரும்ப உள்ளே ஓடினார்கள். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் சொன்னார்: "அண்ணே, பாஸ்போர்ட் கீழ்க்கட்டிலுக்கு அடியில பெட்டில இருக்கு. அத விட்டுட்டு எப்படிண்ணே வர்றது?" அவர் சொல்வது சரி. பாஸ்போர்ட் ஊழியரிடம்தான் இருக்க வேண்டும், முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, அப்படியென்றால் அதைக் காப்பாற்ற வழி செய்வதும் நம் வேலை. மறுநாளே ஆளுக்கொரு தண்ணீர் புகாத பை வாங்கி, மேல்கட்டில் கம்பியில் மாட்டச் சொன்னோம். பைக்கான செலவைக் கேட்டு முகம் சுளித்தார்கள், நான் விடவில்லை. பங்களாதேஷ் நண்பர்களுக்கு அறிவிப்பை வங்காளத்தில் எழுதி ஒட்டினோம், வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அவர்களில் ஒருவரையே பேசச் சொன்னோம்.

கையெழுத்துக்கு அனுப்பும்போது சைட்டின் தரைமட்ட அளவீடு, கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்த வரைபடம், வாய்ட் டெக் மின்னஞ்சல், விடுதியின் ஒப்புதல், ஒத்திகைப் படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் போகட்டும். தனித்தனியாக அனுப்பினால் ஒன்று வரவில்லை என்று திருப்பிவிடுவார்கள். கன்டெய்னர் நகர்த்தும் செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் இப்போதே எழுதி வாங்குங்கள், எங்களுக்கு அந்தப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.