முந்த இடமில்லாத ஒயர்

ஸ்ரீராமபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டு ஓனர் அண்ணன் எலெக்ட்ரீஷியன், சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஸ்விட்ச் மாற்றிக்கொண்டே "லேப்ல என்ன தம்பி பண்றீங்க?" என்று கேட்டார். ரொம்ப மெல்லிய ஒயரில் எலெக்ட்ரான் எப்படிப் போகிறது என்று பார்க்கிறோம் என்றேன். "மெல்லிசா போட்டா சூடாகும். லைட்டுக்கு ஒன்றரை எம்எம், ஏசிக்கு நாலு எம்எம். இதுல பார்க்க என்ன இருக்கு?"

அவர் தொழிலுக்கு அது முழுக்கச் சரி. ஆனால் மெலிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. நாங்கள் ஒயர் என்பது செம்புக் கம்பி இல்லை. காலியம் ஆர்சனைடு என்ற செமிகண்டக்டர் சில்லுக்குள் எலெக்ட்ரான்கள் ஒரு தளத்தில் மட்டும் உலவும். சில்லின் மேல் இரண்டு உலோகப் பட்டைகள் வைத்து நெகட்டிவ் வோல்டேஜ் கொடுத்தால் பட்டைகளுக்கு அடியில் இருக்கும் எலெக்ட்ரான்கள் விரட்டப்பட்டு நடுவில் ஒரு சந்துதான் மிஞ்சும், அகலம் சில பத்து நானோமீட்டர். எல்லாம் திரவ ஹீலியம் குளிரில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், பல நேரம் அதற்கும் கீழே. 1988-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் இப்படி நெருக்கிப் பார்த்தபோது கரண்ட் சீராகக் குறையவில்லை, படிப்படியாக இறங்கியது. கடைசிப் படியில், எலெக்ட்ரான்கள் போக ஒரே ஒரு தடம் திறந்திருக்கும்போது, ரெசிஸ்டன்ஸ் சுமார் 12,900 ஓம். வழியில் அழுக்கோ தடங்கலோ இல்லாத குட்டி ஒயர் என்றால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் அதே எண்தான்.

"நீளம் கூட்டினாலும் கூடாதா?" என்று அண்ணன் டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. செம்பிலும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளத்தான் செய்கின்றன, ஆனாலும் விலகிப்போக இடம் இருப்பதால் ஏறக்குறைய தனித்தனி ஆட்கள் போலவே நடந்துகொள்கின்றன. சந்தில் முந்த வழியே கிடையாது. ஒன்றைத் தொட்டால் வரிசை முழுக்க அசையும், அதனால் அங்கே ஓடுவது எலெக்ட்ரான் இல்லை, அலை. 1950-ல் இயற்பியலாளர் டோமோனாகா இப்படி யோசிக்க வழி திறந்தார். 1963-ல் லட்டிஞ்சர் இதற்கு ஒரு கணித மாடல் அமைத்தார். அவர் தீர்வில் பிழை இருந்தது, இரண்டு வருடம் கழித்து மேட்டிஸும் லீபும் திருத்தினார்கள். ஆனாலும் இப்படிச் சேர்ந்தே அசையும் எலெக்ட்ரான் கூட்டத்துக்கு 1981-ல் ஹால்டேன் 'லட்டிஞ்சர் திரவம்' என்று வைத்த பெயர்தான் நிலைத்தது.

அந்த அலையும் ஒன்றில்லை, இரண்டு. சரி, சொன்னால் புரியாது என்று அண்ணனிடம் சில்லறை வாங்கித் தரையில் ஏழு காசுகளைப் பூ, தலை, பூ, தலை என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். பூ, தலை என்பது எலெக்ட்ரானின் ஸ்பின், மேல் கீழ் என்று இரண்டு நிலை. நடுவில் இருந்த தலையை எடுத்துவிட்டேன். ஓட்டை விழுந்தது, அதன் இரு பக்கமும் பூ. வலப்பக்கத்துக் காசை ஓட்டைக்குள் நகர்த்தினால் ஓட்டை ஓர் இடம் வலப்பக்கம் போகும், இன்னொன்றை நகர்த்தினால் இன்னும் தள்ளிப் போகும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூ மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். எடுத்தது ஒரே காசு, மிஞ்சியது இரண்டு குறை! ஓட்டை சார்ஜைச் சுமக்கிறது, அந்த ஜோடிப் பூ ஸ்பின்னைச் சுமக்கிறது. நிஜ ஒயரில் ஜோடியும் நகரும், ஆனால் தன் வேகத்தில். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சார்ஜ் அலை விறைத்துக்கொண்டு முன்னே ஓடிவிடும், ஸ்பின் அலை பின்னால் வரும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2005-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அருகருகே இரண்டு ஒயர் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலெக்ட்ரான்களைத் தாவவிட்டு, இரண்டு வெவ்வேறு வேகங்கள் இருப்பதைக் கண்டார்கள். 2009-ல் கேம்பிரிட்ஜிலும் அதற்குச் சான்று கிடைத்தது. அந்த அளவீடுகளின் வரைபடத்தில் ஒரே கோடு வரவேண்டிய இடத்தில் இரண்டாகப் பிரிவதை முதல் தடவை பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அண்ணன் காசுகளை இன்னும் இரண்டு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டு, "அப்போ இதுல எலெக்ட்ரான் எது தம்பி, ஓட்டையா, ஜோடியா?" என்று கேட்டார். சந்துக்குள் இருக்கும்வரை இரண்டும் இல்லை அண்ணா, வெளியே அகலமான இடத்துக்கு வந்தால்தான் அதை மறுபடி எலெக்ட்ரான் என்று சொல்லமுடியும் என்றேன்.