காலையில் தெரியும் இரண்டு வட்டங்கள்

கருத்தரிப்பு மையத்து ஆய்வகத்தில் கருக்களைக் கவனித்து வளர்க்கும் எம்பிரியாலஜிஸ்டாக வேலை பார்ப்பவர்களுக்கு நாள் சீக்கிரமே தொடங்கிவிடும். பிற்பகல் 2 மணிக்கு முட்டைகளோடு விந்தணுக்களைச் சேர்த்தால், மறுநாள் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் பார்த்துவிட வேண்டும். 16 முதல் 18 மணி நேரம் என்பதுதான் கணக்கு. முட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் செல்களை மெல்லிய பிப்பெட்டால் உறிஞ்சி, விட்டு, உறிஞ்சி நீக்க வேண்டும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸ் திருகை மிக மெதுவாகத் திருப்பினால், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இருக்கும் அந்த முட்டையின் நடுவில் இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு மேலெழுந்து வரும். ஒன்று அம்மாவின் குரோமோசோம்கள் இருக்கும் உட்கரு, மற்றொன்று அப்பாவினுடையது. இந்த உட்கருவுக்குப் 'புரோநியூக்ளியஸ்' என்று பெயர். இரண்டு இருப்பதால் எங்கள் பேச்சில் 'டூ பிஎன்'.

அந்த நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் தெரிந்துகொண்டேன். இரவெல்லாம் மழை, சாலையில் தண்ணீர். உடன் வேலை செய்பவர் விடுப்பில் இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் 12 மணி. ஏழு முட்டைகளில் மூன்றில் வட்டங்கள் இருந்தன. இரண்டு கருவுறவில்லை. மீதி இரண்டில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் மறுநாள் அந்த இரண்டும் அழகாகப் பிரிந்து நின்றன!

வட்டங்கள் வந்து மறைந்துவிட்டன என்றுதான் அதற்குப் பொருள். பாலூட்டிகளில் அந்த இரண்டு உட்கருக்களும் ஒன்றாகக் கலப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்று, இரண்டின் சவ்வும் கரைந்துபோகும். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரின் குரோமோசோம்களும் முதல் செல் பிரிவில் சந்திக்கின்றன. நான் பார்க்காத அந்த முட்டைகளில் இருந்தவை இரண்டு வட்டங்களா, மூன்றா? இரண்டு விந்தணுக்கள் நுழைந்து மூன்று வட்டங்கள் வந்திருந்தாலும் முட்டை பிரியத்தான் செய்யும். ஆனால் 46 குரோமோசோம்களுக்குப் பதில் 69 இருக்கும். அப்படிப்பட்ட கருவைக் கருப்பையில் வைக்கக் கூடாது.

"பார்க்காததை எழுதாதேம்மா. நேரத்தைப் போட்டு, பார்க்க இயலவில்லைன்னு எழுது" என்றார் மூத்த மேடம். அந்த இரண்டையும் வைப்பதில்லை என்று முடிவானது. அந்தத் தம்பதிக்கு அது மூன்றாவது முயற்சி. இன்றும் மழை இரவுகளில் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

வட்டங்களை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சின்னச் சின்ன மணிகள் தெரியும், உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற சிறு உருண்டையின் முன்வடிவங்கள். நான் பயிற்சி பெற்ற காலத்தில் அவற்றை எண்ணி மதிப்பெண் போடுவோம். 1999-இல் டெசாரிக், கிரெகோ என்ற ஆய்வாளர்கள் அதற்கு ஒரு முறையைச் சொன்னார்கள். ஸ்காட் என்ற ஆய்வாளரின் முறையும் வந்தது. இரு பக்கமும் மணிகள் ஏறக்குறைய சமமாக, வட்டங்கள் தொடும் கோட்டருகே வரிசையாக நின்றால் நல்லது. பிறகு உள்ளேயே கருவை விட்டுவிட்டுப் படமெடுத்துக்கொண்டே இருக்கும் டைம்லாப்ஸ் இன்குபேட்டர்கள் வந்தன. மணிகள் ஓயாமல் நகர்வதும் சேர்வதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நொடியில் பார்த்துப் போடும் மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது? எங்கள் படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். எனக்கு அப்போது அது சரி என்றுதான் பட்டது.

இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சாதாரண செல்லில் நியூக்ளியோலஸின் வேலை, புரதம் உருவாக்கும் ரைபோசோம்களைச் செய்வது. இந்த மணிகள் அந்த வேலையை இன்னும் தொடங்கியிருக்காது. மனிதக் கருவின் சொந்த மரபணுக்கள் விழிப்பது நான்கு முதல் எட்டு செல் நிலையில் என்று 1988-லேயே கண்டார்கள். எலியில் இரண்டு செல்லிலேயே. அதுவரை அம்மா முட்டையில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் கரு வாழ்கிறது. அப்படியென்றால் இந்த மணிகள் எதற்கு? 2008-இல் பன்றி, எலி முட்டைகளிலிருந்து நியூக்ளியோலஸை மட்டும் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். முட்டை முதிர்ந்தது, ஆனால் அடுத்து உருவான உட்கருக்களில் மணிகளே இல்லை. கருவும் வளரவில்லை. அப்பாவின் வட்டத்துக்குள் தெரியும் மணிகளும் அம்மா கொடுத்தவைதான் என்பதை அந்த ஆய்வைப் படித்துத்தான் அறிந்தேன். அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

2021-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மெலினா ஷூ என்ற ஆய்வாளரின் குழு மாட்டுக் கருக்களையும் மனிதக் கருக்களையும் வைத்து இன்னொன்றைக் காட்டியது. வட்டங்கள் தொடும் இடத்தில் மணிகளோடு சேர்ந்து குரோமோசோம்களும் வந்து கூடுகின்றன. அப்படிக் கூடாமல் சிதறி நின்றால் முதல் பிரிவில் பங்கீடு தவறும் வாய்ப்பு அதிகம். மணிகள் வரிசையாக நிற்பதை நாங்கள் பார்த்த காலமெல்லாம் குரோமோசோம்கள் தயாராகக் கூடி நிற்பதன் வெளி அடையாளத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் "டூ பிஎன், மேடம்" என்றபோது, "மணிகளையும் பாரும்மா" என்றேன். டிஷ் ஆறிவிடக் கூடாது என்ற அவசரத்தோடு மறுபடி குனிந்தாள்.

"இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் ஆறு மேடம். நடுக்கோட்டுல வரிசையா இருக்கு."

டிஷ்ஷை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவை மூடினாள். பெயர் அட்டையை ஒருமுறை சரிபார்த்து, நேரத்தை எழுதினாள். 6.50.