நாலுக்கும் நாலரைக்கும் நடுவே

ஜூன் 3, செவ்வாய்

22ஆம் தேதி காலி பண்ண வேண்டும். அம்மா பீரோவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போய்விட்டேன். பதினோரு தடவை அடித்துப் படம் பிடித்தாயிற்று. கைப்பிடி இறங்கும்போது ‘கீ’, ஏறும்போது ‘டொக்’. கீ சுரம், டொக் தாளம். இந்தச் சத்தங்களையே வெட்டி ஒட்டி ஒரு பாட்டும் அதற்குப் படமும் பண்ணப்போகிறேன்.

ஜூன் 4

கீ 360 ஹெர்ட்ஸ். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். நாலு கட்டை என்றால் 349, நாலரை என்றால் 370. இது நடுவில் நிற்கிறது.

ஜூன் 6, வெள்ளி

ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ச-விலிருந்து மேல் ச வரை, பன்னிரண்டு படி. ஒரு படி ஏற ஹெர்ட்ஸை 1.0595ஆல் பெருக்க வேண்டும், பன்னிரண்டு தடவை பெருக்கினால் இரண்டு மடங்கு வந்துவிடும். இதைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. மோகன ராகத்தை எடுத்துக்கொண்டேன். ச ரி க ப த, படிக் கணக்கில் 0, 2, 4, 7, 9. பக்கத்துப் பக்கத்துப் படிகள் இதில் கிடையாது, அதனால் எந்தச் சுரத்தை எதன் பின்னால் வைத்தாலும் உரசுவதில்லை. இப்படி வெட்டி ஒட்டிப் பாட்டுப் பண்ணப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் கீயை ஏழு படி தூக்கினால் எலிக் குரலாகிவிடுகிறது. நாலைந்து படிக்குள் இருக்கும்வரைதான் அது எங்கள் பம்பு. அதனால் ப, த இரண்டையும் கீழ் ஸ்தாயியில் வைத்தேன்.

முதலில் கீயை 53 சென்ட் இறக்கி, சுத்தமான நாலு கட்டையில் உட்கார வைத்தாயிற்று. (ஒரு படிக்கு 100 சென்ட்.)

ஜூன் 7

மழை. தலைவலி.

ஜூன் 9, திங்கள்

படம் பாட்டோடு ஒட்டாமல் நழுவிக்கொண்டே போனது. போன் ஒரே வேகத்தில் படம் பிடிப்பதில்லையாம். எல்லாவற்றையும் நொடிக்கு 30 ஃபிரேமாக மாற்றினேன். நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் ஓர் அடிக்குச் சரியாக 18 ஃபிரேம். அதை நாலாக வெட்டினால் நாலரை, ஒட்டாது. மூன்றாக வெட்டினால் ஆறு! கானா நடையே மூன்று மூன்றாகத்தானே போகும். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தனியாகச் சிரித்தேன்.

சத்தம் தொடங்குகிற ஃபிரேமிலேயே வெட்ட வேண்டும். இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டினாலும் நொண்டுகிறது. சுரம் மாறும்போதெல்லாம் படத்தை இடவலமாகத் திருப்பினேன், பம்பு ஆடுகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 11

கேரம் கிளப்பில் அண்ணன்கள் ஆட விட்டுப் படம் பிடிக்கச் சொன்னார்கள். ஸ்ட்ரைக்கர் காயில் மோதுகிற ‘டக்’ ஸ்னேர் டிரம் சத்தத்துக்கு அவ்வளவு பொருத்தம். வியாசர்பாடி பாட்டில் கேரம் இல்லாமல் எப்படி?

ஜூன் 12

“நாலாவது மாடி. பைப்ல தண்ணி வரும்” என்று அம்மா காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

ஜூன் 14, சனி

மாமா வந்தார். டோலக் அடிக்கிற கை, தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். “தாளம் கரீட்டா கீது பாப்பா. பம்புதான் நம்ம பம்பு மாரி இல்ல.” 53 சென்ட் கதையைச் சொன்னேன். “பாட்றவனுக்குத்தான் சுதி வெப்பாங்க. சுதிக்குப் பாட்றவன திருவுவாங்களா?”

சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கீயை அது இருந்த இடத்துக்கே கொண்டுபோனேன். கீபோர்டு, குக்கர் விசில், ஜீவா ஸ்டேஷன் ரயில் ஹாரன் எல்லாவற்றையும் 53 சென்ட் தூக்கினேன். போட்டதும் தெரு வந்துவிட்டது.

ஜூன் 16

குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மேலே ஏறுகிறது. உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய சுரம் ஏறும். வாய்வரை வந்ததும் சட்டென்று அடங்கிவிடும். பாட்டின் முடிவுக்கு இதைத்தான் வைக்கப்போகிறேன். பச்சைக் குடத்தில் நன்றாக வருகிறது.

ஜூன் 18

பம்பைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

40 விநாடி தயார். அம்மாவிடம் காட்டினேன். கீ வந்ததும், “வாஷர் மாத்துனா போய்டும்னு உங்கப்பா சொல்லிக்கினே இருந்தாரு” என்றாள். அப்புறம், “இன்னொரு வாட்டி போடு.”

ஜூன் 21

பச்சைக் குடத்தைத் துணி மூட்டையோடு கட்டிவிட்டார்கள். நான் அவிழ்த்து எடுத்துவிட்டேன். கடைசி டொக்கில் யாரோ பேசுகிற குரல் விழுந்திருக்கிறது, திரும்ப எடுக்க வேண்டும். லாரி ஏழு மணிக்கு. அலாரம் மூன்றரைக்கு வைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் பம்படியில் ஆள் இருக்காது.