சுவரை விட்ட சாரம்

சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டட வேலைக்கு ஏறி நிற்கக் கட்டும் சாரம் என்றால் சவுக்குக் கம்பும் கயிறும்தான். சாரம் கட்டவரும் பெரியவர் ஒருவர், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஒவ்வொரு முடிச்சாகக் கைவைத்து அசைத்துப் பார்ப்பார். கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். "மழையில பயப்படாத தம்பி. அடுத்த நாள் வெயில்ல பயப்படு" என்பார். எனக்குச் சாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் அவர். பொறியியல் கல்லூரியில் நான்கு வருடத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு சிங்கப்பூர். அங்கே எல்லாம் இரும்பு. 4 மீட்டருக்கு மேல் உயரமான இரும்புச் சாரத்தை அனுமதி பெற்ற சார ஒப்பந்ததாரர்தான் கட்ட வேண்டும். 2011-இல் வந்த விதிகளின்படி 7 நாளுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். பலத்த காற்று மழைக்குப் பிறகும் சோதிக்க வேண்டும். ஏறும் இடத்தில் பச்சை அட்டை தொங்கினால் ஏறலாம், சிவப்பு என்றால் கூடாது. சவுக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. பச்சை அட்டையைப் பார்த்தால் மேலே நிமிர்ந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

சாரம் தன் பாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும். அதில் அது கெட்டி. ஆனால் உயரத்துக்கு ஏற்ற அகலம் அதற்குக் கிடையாது. தனியாக நிற்கச் சொன்னால் நிற்காது. அதைக் கட்டடத்தோடு பிணைத்து வைத்திருப்பவை இடையிடையே சுவருக்குப் போகும் சின்னக் குழாய்த் துண்டுகள். சைட்டில் 'டை' என்போம். தூசி விழாமலிருக்க வெளிப்பக்கம் பச்சை வலையைக் கட்டிவிட்டால் சாரம் முழுவதும் கப்பல் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். அப்போது அத்தனை இழுப்பும் இந்தத் துண்டுகளின் மேல்தான் வரும். ஜன்னல் வைப்பவருக்கும் பூச்சு வேலைக்காரருக்கும் பெயின்டருக்கும் சரியாகக் கைக்கு நேரே இடைஞ்சலாக நிற்பதும் இதே துண்டுதான்.

சிங்கப்பூரில் சுமத்ரா காற்று என்று ஒன்று உண்டு. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ திடீரென்று மழையோடு வரும். ஒரு திங்கட்கிழமை, வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது வந்தது. எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். அங்கிருந்து பார்த்தால் மேற்குப் பக்கச் சாரத்தின் மேல்பகுதி சுவரைவிட்டு வெளியே வந்து திரும்பப் போய் ஒட்டுகிறது. மறுபடியும் வருகிறது. கொட்டகையில் நாற்பது பேர் இருந்தோம், ஒரு சத்தமில்லை. இன்னும் அரைமணி நேரம் கழித்து அந்தக் காற்று வந்திருந்தால் அதில் பாதிப் பேர் மேலே இருந்திருப்பார்கள்.

காற்று நின்றதும் அந்தப் பக்கத்தைக் கயிறுகட்டி அடைத்து, கட்டடத்தின் உள்ளே போய் ஜன்னல் திறப்புகள் வழியாக எண்ணினோம். ஏழாம் மாடியிலும் எட்டாம் மாடியிலுமாக ஒன்பது டை இல்லை. ஒன்றைக்கூட யாரும் எறியவில்லை. பலகைமேல் ஒழுங்காக அடுக்கி, குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களைப் பக்கத்தில் ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். ஜன்னல் வேலைக்காரர்களில் ஒருவர், புதுக்கோட்டைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஃபிரேம் உள்ள போகல சார். சாயங்காலம் மாட்டிடலாம்னுதான் இருந்தோம். இருட்டிருச்சு." அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை காலை அந்தச் சாரத்துக்கு வாரச் சோதனைக் கையெழுத்து போட்டவன் நான். அன்று மதியம் அவர்கள் கழற்றியிருக்கிறார்கள். அட்டையில் பொய்யில்லை, அது சனிக்கிழமை காலைச் சாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாதுகாப்பு பெல்ட் போட்டால் போதும் என்று நினைப்பவர்களிடம் எனக்கு இன்றும் சண்டை உண்டு. அந்தச் சாரத்தில் ஏற இருந்த எல்லோரிடமும் பெல்ட் இருந்தது. கொக்கியை மாட்டும் இடம் அதே சாரத்தின் குழாய்தான். சாரமே சாய்ந்தால் பெல்ட் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சாரம் உறுதியாக நின்றால்கூடக் கணக்கு வேறு. பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சி தாங்கும் பட்டை கிழிந்து விரிந்தால் மேலும் ஒரு மீட்டருக்கு மேல் போகும். அதன்கீழே தொங்கும் ஆளின் உயரம் வேறு. கொக்கி கால்மட்டத்தில் இருந்தால் இதெல்லாம் இன்னும் கூடும். முதல் மாடிப் பலகையில் நிற்பவர் பெல்ட்டோடு தரையில் மோத முடியும். இதைத் தரையில் கயிறை விரித்துப்போட்டு அளந்து காட்டினால் நம்புகிறார்கள். பேசிப் புரியவைக்க முடிந்ததில்லை.

அதன் பிறகு டைகளுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். கீழே நின்றபடியே எது இல்லை என்று தெரிந்தது. காலை மீட்டிங்கில் "யாரும் எதையும் கழற்றக் கூடாது" என்று சொல்வதை நிறுத்தினேன். கழற்றாமல் ஜன்னல் வைக்க முடியாதவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? "இன்னைக்கு எது இடைஞ்சலா இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வேலை நின்றுவிடும் என்ற பயம்.

நான்காவது வாரம் அதே புதுக்கோட்டைக்காரர் கையைத் தூக்கினார். "ஒன்பதாம் மாடி, லிஃப்ட் பக்கம், ரெண்டு டை சார்." சாரக்காரர்கள் இரண்டு பேர் குழாயும் கிளாம்ப்களும் எடுத்துக்கொண்டு முதலில் மேலே போனார்கள். பக்கத்தில் மாற்று டை போட்டு முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவர் தன் ஆட்களோடு கீழே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.