ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

19 செப்டம்பர் 2023, செய்யாறு

மகளிர் உரிமைத் தொகை 15ஆம் தேதி தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. தள்ளுபடியான விண்ணப்பங்களுக்குக் காரணம் சொல்லி நேற்றிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். 30 நாளுக்குள் இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம். அதனால் காலையிலிருந்தே என் மையத்தில் கூட்டம்.

"எனக்கு மெசேஜே வரலம்மா" என்று வந்தவர்களில் பலருக்கு மெசேஜ் போயிருக்கிறது, வீட்டுக்காரர் போனுக்கு. ஒரு அக்காவின் ஆதாரில் இருக்கும் நம்பரும் வீட்டுக்காரருடையதுதான். அவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். இங்கே ஓடிபி போட்டுவிட்டு அக்கா அவரைக் கூப்பிட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. அடுத்த தடவை எடுத்து, "வேலை நேரத்துல என்னடி" என்று வைத்துவிட்டார். நேரம் முடிந்துபோனது. பெண்ணுக்கென்றே வந்த பணம், அதன் சாவி மட்டும் ஆண் பாக்கெட்டில்!

20 செப்டம்பர்

ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் சாயங்காலம் வந்தார்கள். ஆளுக்கொரு போன், சொந்த நம்பர், அவர்களே ரீசார்ஜ் செய்கிறார்கள். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதே தெருவில் களை எடுக்கப் போகும் அவர்களுடைய அம்மாக்களுக்கு இது வாய்க்கவில்லை. மாதச் சம்பளம் வந்தால்தான் போன் சொந்தமாகிறது. அப்புறம் கல்யாணம் ஆனால் அந்த நம்பர் என்னவாகிறது என்பது வேறு கதை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஒருமுறையாவது இணையம் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33. நகரத்துப் பெண்கள் 52, கிராமத்துப் பெண்கள் 25. எனக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியைவிட, பெண்களுக்குள்ளேயே இருக்கும் இந்த இரண்டு மடங்கு வித்தியாசம்தான் உறுத்துகிறது.

23 செப்டம்பர்

நூறு நாள் வேலையில் இந்த ஜனவரியிலிருந்து எல்லா இடத்திலும் செயலி வழியாகத்தான் வருகைப்பதிவு, தினம் இரண்டு முறை போட்டோ. போட்டோ ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கே ஆபத்து. அதனால் வருகையைப் பதியும் பணித்தளப் பொறுப்பாளராக வர ஸ்மார்ட்போன் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த, கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் இன்று என்னிடம் சொன்னாள்: "போன் இல்லைன்னு என்னை விட்டுட்டாங்கக்கா." அவள் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. தம்பியுடையது.

இன்னொரு வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகளிடம் இருந்து போனைப் பிடுங்கிவிட்டார்கள், 'கெட்டுப்போவாளாம்'. அதே வீட்டுப் பையன் ராத்திரி பன்னிரண்டு மணிவரை கேம் ஆடுகிறான். பெண்கள் விடுதியில் போனுக்குத் தடை போட்ட வழக்கில், இணையம் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கோர்ட்டா வந்து கல்யாணம் பண்ணி வைக்கும்?" என்றார். அவர் பயமும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது மகளின் படிப்புதான்.

2 அக்டோபர்

கிராம சபையில் எழுந்து பேசினேன். தள்ளுபடியான பெண்களுக்கு மெசேஜோடு நிறுத்தாமல் நேரிலும் தகவல் சொல்ல வேண்டும், ஆதாரில் சொந்த நம்பர் சேர்க்க ஊருக்குள்ளேயே முகாம் போட வேண்டும் என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "வீட்ல ஒரு போன் இருக்கே, பத்தாதா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே சென்ட்ரிங்காரர் மனைவி எழுந்துவிட்டார்: "அதை நீங்க ஒரு மாசம் வீட்ல வெச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்."

இரண்டு கோரிக்கையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. நாளை அந்த அக்காவோடு ஆதார் மையத்துக்குப் போகிறேன்.